கேமராவோடு ரக்பி பார்க்கப் போன கணக்கு

அக்கா மகன் படிக்கும் கல்லூரி அணி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேறொரு கல்லூரி மைதானத்தில் நடந்த ரக்பி போட்டியில் ஆடியது. பார்வையாளனாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். டிக்கெட் எல்லாம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஆனால் அந்த ஒரு நாள் முடிந்து எல்லாம் கணக்குப் பார்த்தபோது என் கையை விட்டுப் போயிருந்தது 13,700 ரூபாய். முழங்காலில் சிராய்ப்பு, நாலு பேர் முன்னால் தலைகுனிவு, இரண்டு வாரம் தூக்கம் சரியில்லை. இப்படியெல்லாம் நடக்கும் என்று யாரும் எங்கும் எழுதி வைத்திருப்பதாகத் தெரியவில்லை. கிரிக்கெட்டைப் படம் எடுப்பது பற்றித் தேடினால் தமிழில் ஏதாவது கிடைக்கிறது, ரக்பிக்கு என் கண்ணில் ஒன்றும் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன், வேலை ஓசூரில். கே.ஆர்.பி. அணைப் பக்கம் நாரை, நீர்க்காகம் எடுப்பதற்காக வாங்கிய நிக்கான் டி7500 இருக்கிறது. அதோடு வந்த 18-140 லென்ஸ் இருக்கிறது (மில்லிமீட்டர் கணக்கு, எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாக விழும்). பையன் போன வருஷத்திலிருந்துதான் ரக்பி ஆடுகிறான். 2025 ஜூனில் மும்பையில் முதல் ரக்பி பிரீமியர் லீக் நடந்து, சென்னை புல்ஸ் கோப்பையை வென்றதே, அதை போனில் பார்த்துவிட்டுப் பிடித்த பைத்தியம். "மாமா, நான் ஓடுறத ஒரு போட்டோ எடுத்துக் குடு, போதும்" என்றான். ரக்பி மைதானம், பந்தைக் கொண்டுபோய் ஊன்றிப் புள்ளி எடுக்கும் டிரை கோடுகள் இரண்டுக்கும் நடுவே 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம் வரை போகும். 140 எட்டாது என்று எல்லோரும் சொன்னார்கள். சரி என்று பெங்களூரில் ஒரு கடையில் 150-600 லென்ஸை வாடகைக்குப் பேசினேன். வாடகை 2,600, முன்பணம் 20,000, ஆதார் நகல். தூக்கிப் பார்த்தால் லென்ஸ் மட்டும் இரண்டு கிலோ.

இங்கேயே ஒரு விஷயம். வாடகை லென்ஸைக் கையில் வாங்கும்போது முன்கண்ணாடி, பின்பக்கம், விளிம்பு, முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹூட், ஜூம் வளையம் என்று சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் குரலும் அதில் விழ வேண்டும். நல்லவேளையாக, புக் செய்யும்போது கடைக்காரரே வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களை நான் அழிக்காமல் வைத்திருந்தேன். அது பிறகு எனக்கு 3,000 ரூபாய் மிச்சப்படுத்தியது. ஒப்பந்தத் தாளில் "சேதம் ஏற்பட்டால் கடை நிர்ணயிக்கும் தொகை" என்று ஒரு வரி இருந்தால், "சர்வீஸ் சென்டர் பில்லின்படி" என்று மாற்றி எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.

போட்டி அன்று காலை எட்டே முக்காலுக்குக் கேட்டில் நின்றேன். முந்தைய வாரமே போட்டி நடத்தும் குழுவில் ஒருவருக்கு போன் செய்து கேட்டிருந்தேன். "தாராளமா வாங்க சார், எடுங்க" என்றார். கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்கு அது எப்படித் தெரியும்? லென்ஸைப் பார்த்ததும் "மீடியாவா? பாஸ் எங்க?" என்றார். பார்வையாளர் என்றேன். "பார்வையாளருக்கு எதுக்கு இவ்ளோ பெரிய குழாய்?" நியாயமான கேள்விதான். போனில் பேசியவருக்கு அடித்தால் எடுக்கவில்லை, அவர் மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. முக்கால் மணி நேரம் கேட் பக்கத்து வேப்பமர நிழலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே விசில் சத்தம், கைதட்டல் எல்லாம் கேட்கிறது.

முக்கால் மணி நேரம்தானே என்று நினைப்பீர்கள். இங்கே ஆடுவது ஏழு பேர் ரக்பி. ஒரு பாதி 7 நிமிடம், இடைவேளை 2 நிமிடம், மறுபாதி 7 நிமிடம். மொத்த ஆட்டமும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் உள்ளே போகும்போது பையனின் முதல் ஆட்டம் முடிந்து, அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இரண்டு டிரை போட்டிருக்கிறான். "எடுத்தியா மாமா?" என்று அவன் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

ஆகவே வாய்மொழி அனுமதி போதாது. யாரிடம் பேசினீர்களோ அவரிடமிருந்து ஒரு வாட்ஸாப் செய்தியாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெயர், எந்த அணியைச் சேர்ந்தவரின் உறவு, என்ன கேமரா என்று இரண்டு வரி இருந்தால் போதும். அதைக் கேட்டில் காட்டலாம். போட்டி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பெரிய ஸ்டேடியம், டிக்கெட் போட்ட ஆட்டம் என்றால் கதையே வேறு. லென்ஸ் கழற்றி மாட்டுகிற கேமரா, நீள லென்ஸ், ட்ரைபாட், ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் இவற்றைப் பார்வையாளர் பகுதிக்குள் பல இடங்களில் விடவே மாட்டார்கள். டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளை வாங்கும்போதே படித்துவிடுங்கள். வாசலில் தடுத்தால் லட்ச ரூபாய்ப் பொருளை எதிர்ப் பெட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

அடுத்த ஆட்டம் பதினொன்றரைக்கு. மாசி மாதத்து வெயில், மைதானத்தில் புல் பாதி, செம்மண் பாதி. தூரத்தில் கோட்டை மலைப் பாறை வெளுத்துத் தெரிகிறது. எதிர்ப்பக்கக் கோட்டோரம் ஓடுபவனை 600-இல் வைத்துச் சுட்டேன். ஷட்டர் 1/1250, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 200, எல்லாம் சரியாகவே இருந்தது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுமே கூர்மையாக இல்லை. முகம் கரைந்தது போல, சட்டை எண் நெளிந்து கிடக்கிறது. லென்ஸ் கோளாறு என்று முதலில் நினைத்தேன், கடைக்காரரைத் திட்டினேன். ஷட்டரை 1/2500 ஆக்கினேன், ஃபோகஸ் முறையை மாற்றினேன், அப்படியேதான். நிழலில் உட்கார்ந்திருந்த வயசான உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கானல் அடிக்குதுப்பா. நாங்க சுடுற போட்டியில மத்தியானம் இலக்கே ஆடும்" என்றார். அவர் என்.சி.சி.யில் துப்பாக்கி சுட்டவராம்.

அவர் சொன்னதுதான் சரி. சூடான வெற்றுத் தரையிலிருந்து எழும் காற்றுக்கு இடத்துக்கு இடம் வேறு அடர்த்தி. எழுபது எண்பது மீட்டர் அந்தக் காற்றைக் கடந்து வரும் ஒளி வளைந்து வளைந்துதான் வரும். நீள லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். இதற்கு ஷட்டர் வேகமோ விலையுயர்ந்த லென்ஸோ மருந்தில்லை. அணையில் நான் எப்போதும் விடிகாலையில் எடுப்பவன், கீழே தண்ணீர், அதனால் இது கண்ணில் பட்டதே கிடையாது. நம் மாவட்டத்து வெயிலில் காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலு வரை தூரத்து ஆளைப் படம் எடுப்பது வீண். நம் பக்கத்துக்கு வரும்வரை காத்திருப்பதுதான் வழி. படிக்கட்டோ மேடையோ இருந்தால் மேலே ஏறி நின்று எடுத்தாலும் கொஞ்சம் குறையும், தரையை ஒட்டிய காற்றுதான் அதிகம் நெளிகிறது. பொதுவாக விளையாட்டுப் படத்துக்கு மண்டியிட்டு, தாழ்வாக எடு என்பார்கள். அது புல் மைதானத்துக்கும் மாலை நேரத்துக்கும் சரி.

பக்கத்துக்கு வந்தால் அடுத்த தொல்லை. டி7500-இல் படம் பதியும் சென்சார் சின்னது, அதனால் 150 என்பது 225 மாதிரி வேலை செய்யும். பத்து மீட்டரில் ஒருவன் வந்தால் இடுப்புக்கு மேலேதான் கட்டத்துக்குள் அடங்குகிறது. டேக்கிள், அதாவது பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்துவது என்றால் ஒருவன் முதுகும் இன்னொருவன் காதும். ஆக, தூரத்தில் கானல், கிட்டத்தில் இடம் போதவில்லை. 2,600 ரூபாய் வாடகைக்கு எடுத்த லென்ஸ் உருப்படியாக வேலை செய்தது நடுவிலே ஒரு முப்பது நாற்பது மீட்டர் பட்டைக்குள் மட்டும். அப்புறம் விசாரித்ததில், சாதாரண 70-300 ஒன்றே நம்மைப் போன்ற பார்வையாளருக்குப் போதும் என்றார்கள். இப்போது அதைத்தான் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறேன்.

எங்கே நிற்பது என்பது லென்ஸை விடப் பெரிய கேள்வி, அதற்கு ஆட்டத்தின் விதி கொஞ்சம் தெரிய வேண்டும். ரக்பியில் பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். அதனால் பந்து வைத்திருப்பவன்தான் பெரும்பாலும் தன் அணிக்கு முன்னால் ஓடுவான், மற்றவர்கள் பின்னால் விசிறியாக வருவார்கள். நாம் அவர்களுக்கு எதிரே, அவர்கள் டிரை போட வரும் கோட்டுப் பக்கம் நின்றால் முகம், பந்து, பின்னால் துரத்துகிறவர்கள் எல்லாம் ஒரே படத்தில் விழும். நடுக்கோட்டில் நின்றால் அவர்கள் தாண்டிப் போனதும் முதுகு மட்டும்தான். பாதி முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும். இடைவேளை இரண்டே நிமிடம், பையையும் தூக்கிக்கொண்டு அதற்குள் அடுத்த முனைக்கு ஓட வேண்டும். பேட்டரி, கார்டு மாற்றுவதும் அப்போதே. இன்னொன்று, ஏழு பேர் ஆட்டத்தில் புள்ளி எடுத்த அணியேதான் திரும்ப உதைத்துத் தொடங்கும். இது தெரியாமல் கால்பந்து ஞாபகத்தில் எதிரணிப் பக்கம் கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன்.

டிரை என்பது கோட்டைத் தாண்டி ஓடினால் மட்டும் கிடைக்காது, பந்தைத் தரையில் அழுத்த வேண்டும், அதற்குத்தான் 5 புள்ளி. படமும் அந்தக் கணம்தான். ஓடுவதைத் தொடர்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தால், அவன் பாயும்போது கேமரா தன் வேலையை முடிக்கத் திணறி நின்றுவிடும். பெரிய அளவில் பதியும் ரா ஃபைலை விட்டுவிட்டு, சின்னதாகப் பதியும் ஜேபெக்கில் வையுங்கள், நாலைந்து படமாக விட்டு விட்டு அழுத்துங்கள். நடுவர் குறுக்கே ஓடும்போதெல்லாம் ஃபோகஸ் அவர்மேல் போய் உட்கார்ந்துவிடும். ஃபோகஸ் லாக்-ஆன் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதைக் கூட்டி வைத்தால் கேமரா கொஞ்சம் பொறுமையாக இருக்கும். டிரைக்குப் பிறகு வரும் உதைக்கு 2 புள்ளி. ஏழு பேர் ஆட்டத்தில் பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது எழும்பும்போது உதைக்க வேண்டும். ஓடி ஓடிக் களைத்த நமக்கு நிதானமாக ஒரு படம் கிடைப்பது அங்கே மட்டும்தான்.

அடி விழுந்தது மூன்றாவது ஆட்டத்தில். டிரை கோட்டு மூலையில், கொடிக்கம்பத்திலிருந்து மூன்றடி தள்ளி ஒரு கால் மண்டியிட்டிருந்தேன். யாரும் தடுக்கவில்லை, அங்கே கயிறும் கட்டியிருக்கவில்லை. எங்கள் பையனின் அணியில் ஒருவன் கோட்டோரமாக வருகிறான், எதிரணிக்காரன் பக்கவாட்டில் பாய்கிறான். வ்யூஃபைண்டருக்குள் ஒரு சிவப்புச் சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது, அடுத்து வானம் தெரிந்தது. இருவரும் சறுக்கி வந்து என்மேல் விழுந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து "ஸாரிண்ணா, அடி பட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டான். ஹூட் இரண்டாகப் பிளந்து, லென்ஸின் முன்வளையம் ஓரிடத்தில் உள்ளே மடங்கி, அந்த மடிப்பில் செம்மண் அப்பியிருந்தது. ஜூம் வளையத்தைத் திருப்பினால் நறநறவென்று சத்தம். எனக்கு முழங்கால் வலிக்கவே இல்லை, 20,000 முன்பணம்தான் கண்முன் நின்றது. நடுவர் வந்து, "அந்தப் பையனுக்குக் கழுத்துல ஏதாவது ஆகியிருந்தா யார் பதில் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூலையில் நிற்கவே கூடாது. டிரை போட வருபவன் மூலையை நோக்கித்தான் பாய்வான், அவனை வெளியே தள்ளத்தான் எதிராளி பாய்வான். பக்கக் கோட்டிலிருந்து குறைந்தது ஐந்து மீட்டர். முனையில் என்றால் டிரை கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதியையும் தாண்டி, கடைசிக் கோட்டுக்கும் வெளியே. கேமரா பையைப் பின்னால் திறந்து போட்டுவிட்டு உட்காராதீர்கள், ஆட்டக்காரன் கால் அதில் மாட்டினால் அவனுக்கு அந்த சீசனே போய்விடும். மோனோபாட் இன்னும் மோசம், விழுபவன்மேல் ஈட்டி மாதிரி நிற்கும். சப்பணம் போட்டு உட்காராமல், சட்டென்று எழக்கூடிய நிலையில் இருங்கள். வ்யூஃபைண்டரில் பார்க்காத கண்ணையும் திறந்தே வையுங்கள். முதலில் தலைவலிக்கும், போகப் போகப் பழகிவிடும்.

மதியம் பெண்கள் ஆட்டம். வாடகை லென்ஸைப் பையில் போட்டுவிட்டு என் 18-140-ஐ மாட்டி, நிழலில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்கள் ஆடிய வேகத்தைப் பார்த்தால் யாரும் எடுக்கத்தான் செய்வார்கள். இரண்டு ஆசிரியைகள் நேராக என்னிடம் வந்தார்கள். "சார், நீங்க யாரு? எந்த காலேஜ்?" அக்கா மகன் ஆடுகிறான் என்றேன். "அவன் பசங்க டீம்தானே? பொண்ணுங்கள எதுக்கு எடுக்கறீங்க?" தொண்டையில் வார்த்தை சிக்கிக்கொண்டது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்தது, ஒரு பையன் என்னை போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தான். கார்டைக் கழற்றிக் கொடுங்கள் என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார். நாற்பத்திரண்டு வயதில், ஊரில் மரியாதையோடு இருக்கும் ஒருவனுக்கு அந்தப் பத்து நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. கை நடுங்கியது உண்மை.

கார்டைக் கொடுக்கவில்லை. "டீச்சர், நீங்களே பாருங்க" என்று கேமராத் திரையில் ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினேன். ஓட்டம், டேக்கிள், ஓட்டம், பந்து. சட்டை இழுபட்டு விலகியிருந்த மூன்று படங்களை அழிக்கச் சொன்னார், அவர் முன்னாலேயே அழித்தேன். அதற்குள் பையனும் அவன் பயிற்சியாளரும் ஓடி வந்தார்கள். அத்தோடு அடங்கியது. அன்று ராத்திரி முழுக்க அந்த ஆசிரியைமேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. என் பெண் அந்த மைதானத்தில் ஆடி, முன்பின் தெரியாத ஒருவன் லென்ஸோடு நின்றால், கேட்காத ஆசிரியைமேல்தான் எனக்குக் கோபம் வர வேண்டும்.

ஆனால் இது முதலிலேயே தீரக்கூடிய சங்கதி. போனதும் இரண்டு அணிப் பயிற்சியாளர்களையும் பார்த்து, பெயர், ஊர், யாருக்காக வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். பெண்கள் ஆட்டம், பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம் என்றால் அவர்கள் சரி என்றால் மட்டும் கேமராவை எடுங்கள். ஆடும்போது மட்டும் எடுங்கள். சட்டை மாற்றும் இடம், தண்ணீர் குடிக்கும் இடம், அடிபட்டு ஐஸ் வைத்துக்கொண்டிருக்கும் இடம் எதுவும் வேண்டாம். யாராவது கேட்டால் சத்தம் போடாமல் திரையில் காட்டுங்கள், அழிக்கச் சொன்னால் வாதாடாமல் அழியுங்கள். பிள்ளைகள் முகத்தை இன்ஸ்டாகிராமில் போடும் உரிமை நமக்குக் கிடையாது. படங்களைப் பயிற்சியாளருக்கே அனுப்பிவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் 10,500 பிடிப்போம் என்றார்கள். அதில் 3,000, லென்ஸ் உடம்பில் இருந்த ஒரு கீறலுக்காம். அவர்களே அனுப்பிய வாட்ஸாப் படத்தில் அந்தக் கீறல் பளிச்சென்று இருந்ததைக் காட்டியதும் 7,500-க்கு இறங்கி வந்தார்கள். ரிப்பேர் பில் கேட்டேன், இன்றுவரை வரவில்லை. போகவர பஸ், ஆட்டோ என்று 1,100. திருப்பிக் கொடுக்க எடுத்த லீவுக்குச் சம்பளப் பிடித்தம் 1,300. வெயிலில் அவசரமாக லென்ஸ் மாற்றியதில் சென்சார் முழுக்க செம்மண் பொடி, வானம் வரும் படங்களிலெல்லாம் புள்ளி புள்ளி. அதைச் சுத்தம் செய்ய 1,200. மைதானத்தில் லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தால் காற்றுக்கு முதுகு காட்டி, கேமரா வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள், முடிந்தால் வண்டிக்குள் உட்கார்ந்து. ஊதுவதற்கு ரப்பர் ப்ளோயர் போதும், வாயால் ஊதினால் எச்சில்தான் ஒட்டும்.

அதற்குப் பிறகு தர்மபுரிப் பக்கம் நடந்த ஓர் ஆட்டத்துக்குப் போனேன். பயிற்சியாளரின் வாட்ஸாப் செய்தி கையில், 70-300 தோளில். சாயங்காலம் நாலரைக்கு மேல் வந்த ஆட்டங்களை மட்டும் எடுத்தேன், ஐஎஸ்ஓ 1600, 3200 வரை ஏறியது, பரவாயில்லை, கொஞ்சம் மணல்மணலாக இருந்தாலும் முகத்தில் வெளிச்சம் இருந்தது. மதிய ஆட்டங்களைக் கேமரா இல்லாமல் உட்கார்ந்து நிப்பட்டு கடித்துக்கொண்டே பார்த்தேன். எந்தப் பையன் வலது பக்கமே வெட்டி ஓடுகிறான், யார் கடைசி நொடியில் பந்தைக் கைமாற்றுகிறான் என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபட்டது, சாயங்காலம் அது உதவியது. படங்களை அன்றைக்கே தேர்ந்து கூகுள் டிரைவில் போட்டு இரண்டு பயிற்சியாளர்களுக்கும் இணைப்பை அனுப்பினேன். வாட்ஸாப்பில் நேராகப் போட்டால் சுருங்கிவிடும். எதிரணிப் பயிற்சியாளர், அடுத்த போட்டி எப்போது என்று அவரே செய்தி அனுப்பியிருக்கிறார், கேட்டில் என் பெயரைச் சொல்லி வைப்பதாகவும்.